ஒரே கல்லும் பல கோலமும்

சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறி, ஏறத்தாழ மூன்று நாள் வங்கக் கடலைக் கடந்து அந்தமானில் இறங்கும் தமிழர், ஊர் சேர்ந்த சில நாட்களுக்குள் பார்த்துவிட விரும்பும் இடம் செல்லுலார் சிறை. நெடுங்காலம் போர்ட் பிளேர் என்று வழங்கி, 2024-ஆம் ஆண்டு முதல் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் பெற்றுள்ள நகரில், கடலை நோக்கிய மேட்டில் அது நிற்கின்றது. அதன் நீண்ட தாழ்வாரத்தில் நடந்து பார்த்த அன்பர்களுக்கு ஓர் அனுபவம் நேர்ந்திருக்கும். முதல் அறையை நின்று பார்க்கின்றோம், இரண்டாவதையும் பார்க்கின்றோம். பத்தாவது அறைக்கு வரும்போது, இது பத்தாவதா பன்னிரண்டாவதா என்ற ஐயம் எழுகின்றது. திரும்பிப் பார்த்தால் வந்த வழியும் அதுவே. முன்னே பார்த்தால் போகும் வழியும் அதுவே. அதே வளைவு, அதே இரும்புக் கதவு, அதே உயரத்தில் அதே சாளரம்.

இந்த மயக்கம் தற்செயலாக நேர்ந்ததன்று. 1896-இல் தொடங்கி 1906-இல் முடிந்த அக்கட்டடத்திற்கு, நடுவில் ஒரு கோபுரமும், அதினின்று சக்கரத்தின் ஆரக்கால்களைப்போல் விரியும் ஏழு சிறகுகளும் அமைந்தன. சிறகு ஒவ்வொன்றும் மூன்று அடுக்கு. ஏறத்தாழ நான்கரை மீட்டர் நீளமும் இரண்டே முக்கால் மீட்டர் அகலமும் உள்ள தனியறைகள் 690-க்கு மேல் இருந்தன. ஒரு சிறகின் முகப்பு அடுத்த சிறகின் முதுகையே பார்க்கும். ஆதலின் கம்பிகளுக்கிடையே பார்க்கும் கைதியின் கண்ணில் எதிரே மற்றொரு முகம் படாது. 1829-இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் திறக்கப்பெற்ற சிறையும் இவ்வண்ணமே நடுவிலிருந்து ஏழு சிறகுகளாக விரிந்தது. தனிமையே குற்றவாளியைத் திருத்தும் என்ற எண்ணத்தில் அங்கே எழுந்த வடிவம், இங்கே நாட்டுப்பற்று மிக்கவர்களின் மனத்தை முறிப்பதற்குப் பயன்பட்டது. அலிப்பூர் வழக்கில் தண்டனை பெற்று இங்குக் கொணரப்பட்ட உல்லாஸ்கர் தத்தர், கொடிய உழைப்பாலும் துன்பத்தாலும் மனநிலை குன்றிச் சென்னையிலுள்ள மனநோய் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்ட செய்தியை வரலாறு கூறும். 1941-ஆம் ஆண்டின் நிலநடுக்கமும் பின்வந்த இடிப்புகளும் போக, இன்று மூன்று சிறகுகளே எஞ்சியுள்ளன. 1979-இல் அவை தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பெற்றன.

இச்சிறையில் நடந்த கொடுமைகளைப் பலரும் எழுதியிருக்கின்றனர். நாம் இங்குக் கருதுவது அதன் வடிவத்தை மட்டுமே. ஒரே உறுப்பைத் திரும்பத் திரும்ப வைத்துக் கட்டினால் மனிதன் தான் நிற்கும் இடத்தை இழக்கின்றான். அவ்வாறு இழக்கச் செய்வது சிறை கட்டியவரின் நோக்கம். ஆனால், ஒரே உறுப்பைக் கொண்டே கட்டியாகவேண்டிய நிலையில் இருந்தும், பார்ப்பவர் இடம் இழக்காதபடி செய்ய முயன்ற தொழிலாளரும் அறிஞரும் பல காலங்களில் இருந்திருக்கின்றனர். தளம் பாவுவோர், கோலம் இடுவோர், கணித நூலார் என்று அவர்கள் பலதிறத்தினர். அவ்வரிசையில் கடைசியாக வந்து சேர்ந்தவர்கள், நம் பிள்ளைகள் கைப்பேசியிலும் கணிப்பொறியிலும் ஆடும் வீடியோ விளையாட்டுகளுக்குக் களம் அமைப்பவர்கள்.

விளையாட்டுக்கும் தளக்கல்லுக்கும் என்ன தொடர்பு என்று வியப்புத் தோன்றலாம். திரையிலே காணும் மலை, புல்வெளி, மதில், ஆறு ஆகிய அனைத்தையும் ஓவியர் ஒருவர் முழுமையாகத் தீட்டி வைப்பதில்லை. நாம் டைல்ஸ் என்று சொல்லும் தளக்கற்களைப்போலச் சிறு சதுரப் படங்கள் சிலவற்றைச் செய்துகொண்டு, அவற்றையே வேண்டிய இடங்களில் பதித்துப் பெரிய நிலப்பரப்பை ஆக்குகின்றனர். தொடக்கத்தில் இது சிக்கனத்தால் வந்த முறை. 1985-இல் ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ என்னும் விளையாட்டு முழுவதும் 40 கிலோபைட் இடத்திற்குள் அடங்கியது. பின்னணிக்கென்று 8 புள்ளி அகலமும் 8 புள்ளி உயரமும் உள்ள 256 சதுரங்கள் மட்டுமே அதில் இருந்தன. வானத்து மேகமும் தரையிலுள்ள புதரும் ஒரே வடிவம். மேலே வெள்ளை நிறம், கீழே பச்சை நிறம். பல ஆண்டுகள் அதை ஆடித் தேர்ந்தவர்களும் யாரேனும் சொன்ன பிறகே இதைக் கவனித்தார்கள் என்பது வேடிக்கை.

ஆனால் எல்லாக் களங்களிலும் கண் இவ்வளவு எளிதில் ஏமாறுவதில்லை. ஒரு சதுரத்தில் சிறிய மஞ்சள் பூ ஒன்றை வரைந்து, அதே சதுரத்தால் புல்வெளி முழுவதையும் நிரப்பினால், நாம் காண்பது புல்வெளியாக இராது. வரிசை வரிசையாக நிற்கும் மஞ்சள் புள்ளிகளே கண்ணை உறுத்தும். நிலவறை வழிகளில் கேடு இன்னும் பெரிது. எல்லாத் திருப்பங்களும் ஒன்றுபோலவே இருந்தால், ஆடுபவர் வந்த வழியே மீண்டும் மீண்டும் சுற்றி அலுத்து ஆட்டத்தை விட்டுவிடுவார். செல்லுலார் சிறையின் தாழ்வாரம் நோக்கத்தோடு செய்ததை, இக்களங்கள் கவனக் குறைவால் செய்துவிடுகின்றன.

இத்தொல்லைக்கு மருந்து தேடியவர்களுள் முன்னோடி, பிரான்சு நாட்டின் செபாஸ்டியன் திருஷே என்னும் துறவி. கால்வாய்ப் பணிகளைப் பார்வையிடச் சென்றவர், ஆர்லியன்ஸ் நகரின் அருகே ஒரு மாளிகைக்காக வைத்திருந்த தளக்கற்களைக் கண்டார். மூலைக்கு மூலை கோடிட்டு, ஒரு பாதி ஒரு நிறமும் மறுபாதி வேறு நிறமுமாக அக்கற்கள் இருந்தன. கல் ஒன்றே, ஆனால் அதை நான்கு திசையில் திருப்பி வைக்கலாம். இரு கற்களை அருகருகே வைக்கும் முறைகளை அவர் கணக்கிட்டு 64 என்று கண்டார். ஒத்தவற்றை நீக்கிப் பத்தாகச் சுருக்கினார். 1704-இல் அவர் எழுதிய கட்டுரை இதைக் கூறுகின்றது. நான்கே கற்களை ஒரு சதுரமாக அடுக்கினாலும் 256 விதமாகத் திருப்பி வைக்கலாம் என்பதை அன்பர்களே கணக்கிட்டு அறியலாம். புதிய கல் வாங்கப் பணம் வேண்டும். இருக்கும் கல்லைத் திருப்பி வைக்க அறிவே போதும் என்பது திருஷேயின் கண்டுபிடிப்பு.

அந்தமானுக்கு மீள்வோம். சிறை கட்டி முடிந்த அதே 1906-இல் ராட்கிளிப்-பிரௌன் என்னும் ஆங்கில இளைஞர் இத்தீவுகளுக்கு வந்து, 1908 வரை இங்குள்ள பழங்குடி மக்களின் வாழ்க்கையை ஆராய்ந்தார். ‘அந்தமான் தீவினர்’ என்ற அவரது நூல் 1922-இல் வெளிவந்தது. உடலிலும் முகத்திலும் வெண்களிமண் பூசி, நேர்கோடுகளாலும் நெளிகோடுகளாலும் அணி செய்துகொள்ளும் வழக்கத்தை அந்நூல் விளக்குகின்றது. அவ்வணி பெரும்பாலும் பெண்கள் கையால் எழுதப்படுவது; சில நாளில் உதிர்ந்துவிடுவது; மறுபடி எழுதப்படுவது. கோடுகளின் வகை சிலவே. அவற்றைச் சேர்க்கும் வழியோ பல. செங்கல்லைச் செங்கல்லின்மேல் அடுக்கி 690 அறைகளை ஒன்றுபோல் ஆக்கிய அதே காலத்தில், அதே தீவின் காட்டில், விரல் நுனியால் இக்கலை நடந்துகொண்டிருந்தது. கல்விமான்கள் இதை உடல் அழகுக்கான பூச்சு என்ற அளவில் நிறுத்திவிடுவது நமக்கு நிறைவளிப்பதாயில்லை.

இதைப் படிக்கும்போது நம் வீட்டு வாசல் நினைவுக்கு வாராமல் இராது. நம் தாய்மார் இடும் சிக்குக் கோலத்தை, இத்தனை காலம் பார்த்துப் பழகிய நாம், ஒருமுறை புதியவர் கண்ணால் பார்க்கவேண்டும். முதலில் நேர்ப்புள்ளியாகவோ ஊடுபுள்ளியாகவோ புள்ளிகள் வைக்கப்படுகின்றன. பிறகு இழை புறப்படுகின்றது. புள்ளியைத் தொடாமல், ஒவ்வொரு புள்ளியையும் சுற்றி, ஒன்றையும் விடாமல் வளைத்து, தொடங்கிய இடத்திற்கே வந்து சேர்கின்றது. இங்கே தளக்கல் எங்கே இருக்கின்றது? புள்ளி ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு சதுரம் இருப்பதாக எண்ணுங்கள். அச்சதுரத்தின் நான்கு பக்கங்களிலும் இழைக்கு இரண்டே வழி உண்டு. ஒன்று, அடுத்த புள்ளியின் இழையோடு குறுக்கிட்டு அப்பால் செல்லலாம். அன்றேல் மடங்கித் தன் புள்ளியின் பக்கமே திரும்பலாம். நான்கு பக்கத்திற்கும் இரண்டிரண்டு வழியாக ஆக மொத்தம் 16 வடிவங்கள். திருப்பினால் ஒன்றாகிவிடுபவற்றை ஒன்றென்று கொண்டால் 6 மட்டுமே. எப்பக்கமும் கடவாத வட்டம் அவற்றுள் ஒன்று. ஒரு பக்கம் மட்டும் கடக்கும் நீர்த்துளி போன்றது மற்றொன்று. நான்கு பக்கமும் கடப்பது இன்னொன்று. இந்த ஆறு வடிவங்களே நேர்ப்புள்ளிச் சிக்குக் கோலங்களின் உறுப்புகள். விதியும் ஒன்றே: அடுத்தடுத்த இரு சதுரங்கள் தம்முள் கூடும் பக்கத்தில், ஒன்று கடந்தால் மற்றதும் கடக்கவேண்டும்; ஒன்று மடங்கினால் மற்றதும் மடங்கவேண்டும்.

கோலத்துக்குள் இத்தகைய இலக்கணம் இருப்பதை உலக அறிஞர் முன் எடுத்துவைத்த பெருமை நம் தாம்பரத்திற்கு உரியது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பணியாற்றிய கிப்ட் சிரோமணியும், இராணி சிரோமணியும், கமலா கிருத்திவாசனும் இணைந்து 1974-இல் வெளியிட்ட கட்டுரை, கணிப்பொறிப் பட ஆய்வுக்கான ஓர் அனைத்துலக இதழில் வந்தது. ஒரு மொழியில் எழுத்துக்கள் சேர்ந்து சொல்லாவதுபோல, சதுர வரிசையில் நிறுத்திய சிறு வடிவங்கள் சேர்ந்து கோலமாகும் என்றும், சிறு கோலத்தைப் பெருங்கோலமாக வளர்க்கச் சில விதிகள் போதும் என்றும் அவர்கள் காட்டினர். அம்முறையை ‘அணி இலக்கணம்’ என்று நாம் மொழிபெயர்க்கலாம். தமிழ் படித்தவர்கள் உவமை, உருவகம் என்று நினைத்துவிடலாகாது. இங்கே அணி என்பது வரிசையாக நிற்கும் சேனையின் அணி. ஆயினும், வாசலுக்கு அணி செய்வதன் இலக்கணத்திற்கு அப்பெயர் பொருந்துவது இனிமையாகவே இருக்கின்றது. அக்காலத்தில் கணிப்பொறி ஒன்றைக் கண்ணால் கண்ட தமிழரே மிகச் சிலர்.

ஈண்டு ஒரு தடை எழலாம். கோலமும் இடமும் வலமும் ஒத்து, மேலும் கீழும் ஒத்து வருவதன்றோ? அதுவும் மீள்வதுதானே? ஆம், மீள்வதே. ஆனால் அதற்கு ஒரு நடு உண்டு. கோலத்தின் எந்த வளைவில் கண்ணை நிறுத்தினாலும், நடுவினின்று எவ்வளவு தொலைவில், எப்பக்கத்தில் நிற்கின்றோம் என்று உடனே தெரியும். சிறையின் தாழ்வாரத்தில் அத்தகைய நடு ஏதும் கண்ணுக்குத் தெரிவதில்லை. இல்லை, அங்கும் நடுக்கோபுரம் ஒன்று இருந்தது. ஆனால் அது காவலனுக்காக இருந்தது. அவன் அங்கு நின்று ஏழு சிறகுகளையும் கண்டான். அறைக்குள் இருந்தவன் கண்டது எதிர்ச் சிறகின் முதுகை. ஒரே உறுப்புத் திரும்ப வருவது தனியே குற்றமன்று. நடு யாருக்குத் தெரிகின்றது என்பதில்தான் வேறுபாடு இருக்கின்றது. விளையாட்டுக் களம் அமைப்போர் தொலைவில் தெரியும் ஒரு கோபுரத்தையோ மலையையோ வைத்து ஆடுபவருக்குத் திசை காட்டுவதும் இதுபற்றியே.

கணித நூலார் இவ்வினாவை வேறொரு வழியில் பற்றினர். 1961-இல் ஹாவோ வாங் என்ற அறிஞர், நான்கு பக்கங்களுக்கும் நிறம் தீட்டிய சதுரக் கற்களைக் கற்பனை செய்தார். அடுத்தடுத்த கற்கள் சேரும் பக்கத்தில் நிறம் ஒத்திருக்கவேண்டும். கல்லைத் திருப்புதல் கூடாது. கடத்தல், மடங்கல் என்னும் இரண்டையும் இரு நிறங்களாகக் கொண்டால், நம் கோலத்தின் 16 வடிவங்களும் வாங் கூறிய கற்களே ஆகின்றன. முடிவில்லாத தளத்தை நிரப்பவல்ல எந்தக் கற்குவியலும், ஒரே பாங்கு மீண்டும் மீண்டும் வருமாறும் நிரப்பவல்லதாகவே இருக்கும் என்று அவர் கருதினார். அவருடைய மாணவர் இராபர்ட் பெர்கர் 1966-இல் அதை மறுத்தார். தளத்தை நிரப்பும், ஆனால் ஒருபோதும் ஒரே பாங்கு திரும்பவே திரும்பாத கற்குவியல் ஒன்றை அவர் காட்டினார். அதற்கு அவருக்கு 20,426 வகைக் கற்கள் வேண்டியிருந்தன. எந்தச் சூளைக்காரரும் ஏற்கக்கூடிய எண்ணிக்கை அன்று. 1974-இல், தாம்பரத்துக் கட்டுரை வெளிவந்த அதே ஆண்டில், இங்கிலாந்தின் ரோஜர் பென்ரோஸ் இரண்டே வகைக் கற்களால் அதைச் செய்துகாட்டினார். ஒரே கல்லால் முடியுமா என்ற வினா அதன் பிறகு ஏறத்தாழ 50 ஆண்டுகள் விடையின்றி நின்றது. 2023-இல் விடை கிடைத்தது. கண்டவர் பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர். அச்சுத் தொழிலில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற டேவிட் ஸ்மித் என்னும் ஆங்கிலேயர். அட்டையை வெட்டி வெட்டி அடுக்கிப் பார்த்து, தொப்பி போன்ற பதின்மூன்று பக்க வடிவம் ஒன்றை அவர் அடைந்தார். கணித அறிஞர் மூவர் அவருடன் சேர்ந்து அதை மெய்ப்பித்தனர். சில இடங்களில் அக்கல்லைக் கவிழ்த்து வைக்கவேண்டும் என்ற சிறு குறையும் அதே ஆண்டில் மற்றொரு வடிவத்தால் நீங்கியது.

இவ்வளவு நுட்பமும் விளையாட்டுக்கு வேண்டுமா? வேண்டியதில்லை. 2003-இல் கணிப்பொறிப் பட வல்லுநர் சிலர், வாங்கின் கற்களுள் எட்டு வகை போதும் என்று காட்டினர். இடமிருந்து வலமாகக் கற்களை வைத்துச் செல்லும்போது, ஒவ்வோர் இடத்திற்கும் பக்கம் ஒத்துவரும் கல் இரண்டேனும் கையில் இருக்கும். அவற்றுள் ஒன்றைக் குலுக்கலில் எடுப்பதுபோல் எடுத்து வைக்கவேண்டும். இணைப்புத் தெரியாது, பாங்கும் திரும்பாது.

இதனினும் எளிய ஒரு வழியை நம் பஞ்சாங்கத்தைக் கொண்டே விளக்கலாம். கிழமை ஏழு நாளில் திரும்புகின்றது. நட்சத்திரம் 27-இல் திரும்புகின்றது. நட்சத்திரம் ஒன்றுக்கு நாள் ஒன்று என்று கணக்குக்காகக் கொண்டால், ஒரு வெள்ளியும் கார்த்திகையும் கூடிய பின் மறுபடி அவை கூடுவதற்கு 189 நாட்கள் செல்லும். இரண்டும் குறுகிய சுழற்சிகள்; சேர்ந்த கூட்டோ அரிதாக வருவது. களம் அமைப்போரும் இதையே செய்கின்றனர். ஏழு சதுரத்தில் திரும்பும் புல்லின்மேல், பதினொரு சதுரத்தில் திரும்பும் நிழலைப் பரப்பினால் 77 சதுரம் வரை ஒரே தோற்றம் மீளாது. அதன்மேல் பதின்மூன்றில் திரும்பும் சருகையும் தூவினால் 1,001 வரை மீளாது. கண்ணைக் கவரும் கல், பூ, குழி முதலியவற்றை அரிதாகவே வைக்கவேண்டும் என்பது அவர்தம் மற்றொரு விதி. நடமாட்டம் மிகுந்த இடத்திலே அவ்வடையாளத்தை ஒருமுறை வைத்துவிட்டால், அக்கம்பக்கத்தில் அதை மறுபடி வைக்கமாட்டார்.

செட்டிநாட்டு ஆத்தங்குடித் தளக்கல்லைக் குறிப்பிடாமல் விடுவது முறையன்று. கண்ணாடிப் பலகையின்மேல் உலோக அச்சை வைத்து, வண்ணக் குழம்பைக் கையால் ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் இட்டு, நீரில் ஊறவைத்து உலர்த்துகின்றனர். அச்சு ஒன்றே; ஊற்றும் கை ஒவ்வொரு முறையும் சற்றே மாறும். ஆதலால் நூறு கற்கள் பாவிய கூடத்திலும் இரு கற்கள் முழுதும் ஒத்திரா. ஆலையில் அச்சிட்டு வரும் தளக்கல்லுக்கு இப்பேறு இல்லை.

அந்தமானில் தமிழர் பல வழிகளில் வந்து குடியேறியவர்கள். வணிகம் கருதி வந்தோர் உண்டு. அரசுப் பணிக்கு வந்தோர் உண்டு. இலங்கை மலையகத்தினின்று தாயகம் திரும்பிய குடும்பங்கள் சில, நிக்கோபார்ப் பகுதியிலுள்ள கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டன. 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை அத்தீவைக் கடுமையாகத் தாக்கியது. வரிசையாகக் கட்டிய குடியிருப்புகளில் வாழ்வது நம்மில் வெளிமாநிலம் சென்ற பலருக்கும் பழகிய ஒன்று. ஒரே சுவர், ஒரே கதவு, ஒரே வண்ணம். பிலாயிலும் மும்பையிலும் இருக்கும் அன்பர்கள், இரவில் தம் வீடென்று அடுத்த வீட்டுக் கதவைத் தட்டியதை நகைத்துச் சொல்லக் கேட்டிருக்கின்றோம். காலையில் அவ்வரிசையில் தமிழர் வீடு எது என்று சொல்வதற்குக் கதவைத் தட்டவேண்டியதில்லை.

அந்தமானில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கின்றது. தென்மேற்கு, வடகிழக்கு இரு பருவங்களும் அங்கு மழை தருகின்றன. ஆதலால் மாக்கோலம் பல நாட்களில் பொழுது விடிந்து ஒரு நாழிகைகூட நிற்பதில்லை. இதற்கு மாற்றாக, ஒட்டும் பிளாஸ்டிக் கோலங்களும், துளையிட்ட கோலக் குழல்களும் கடைகளுக்கு வந்துள்ளன. குழலில் மாவை நிரப்பி உருட்டினால், சுற்றுக்கு ஒருமுறை அதே பூ, அதே இலை, அதே இடைவெளி. அதை வைத்திருக்கும் வீடுகளையும் நாம் பார்த்தோம். படியின் ஓரத்திற்குக் குழலை உருட்டிவிட்டு, நடுவில் புள்ளி வைத்துக் கையால் இழை இழுக்கின்றனர். மழை வந்தால் இரண்டும் போகின்றன. மறுநாள் ஓரம் பழையபடியே இருக்கின்றது, நடு வேறாக இருக்கின்றது.